சவுண்டு பிரமாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. 'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், போட்டுவிட்டேன்.

அப்பாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. காய்ச்சல் இல்லை. சாப்பாடு இன்னும் மூக்குக் குழாய் வழியாகத்தான். டாக்டருக்குத் திருப்தி. அம்மாவுக்கு டாக்டர் மேல் திருப்தி இல்லை, அவர் சிரித்துப் பேசுவதில்லையாம். வீட்டு வாடகை, மருந்து எல்லாம் சமாளித்துக்கொள்கிறேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடியாது. 'சரி சரி, புரியுது, நான் பாத்துக்கறேன்' என்று நடுவில் புகுந்து வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

விஷயம் என் முதல் வீடியோ பற்றியது. அப்பாவுக்குக் குரல்வளையை எடுத்துவிட்டால் இனிப் பேச்சு கிடையாது என்று டாக்டர் சொன்னதும்தான், அவர் குரலைப் பிடித்து வைக்க நான் அடித்துப் பிடித்து அந்த டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்கினேன். எந்த லென்ஸ், மைக்கைச் சட்டையில் எங்கே குத்துவது என்பது வரை நீதான் சொல்லிக்கொடுத்தாய். டிவி நிலையத்தில் எடிட்டராக இருப்பவன், அதுவும் என் சொந்த அண்ணன். நீ சொன்னதற்கு மறுபேச்சு பேசாமல் தலையாட்டினேன்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். ஓட்டுநர் பள்ளியில் காலமெல்லாம் 'கிளட்ச மிதிங்க, கிளட்ச மிதிங்க' என்று கத்திய மனிதர், கேமராவைப் பார்த்ததும் சம்பந்தம் பேச வந்தவர் போலக் கூச்சப்பட்டார். அப்புறம் பிடித்துக்கொண்டார். கரகரத்த தொண்டையோடு, தான் முதலில் ஓட்டிய லாரியிலிருந்து அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய்ச் சுவரில் இடித்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் வராததுமாக நான் லேப்டாப்பைத் திறந்தால், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். இருமலை வெட்டினால், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பார். ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு துண்டு எடுக்கணும், அது பெரியவனுக்கு என்றார். அதைத்தான் கடைசியில் வைத்தேன்.

உனக்கு அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தேன். எடிட்டிங் சொதப்பல் என்று நீ திட்டினாலும் சரி, ஒரு உண்மையான வார்த்தை வேண்டும் என்றிருந்தது. உன் பதில் மறுநாளே வந்தது. 'கலர்ல கொஞ்சம் சூட்டைக் குறை. மத்தபடி சவுண்டு பிரமாதம், மியூசிக் எங்கயும் அப்பா குரலை அமுக்கல. கடைசில அழுதுட்டேன். இனி கை வைக்காத, மெமரி கார்டைக் காலி பண்ணிட்டு அடுத்தத ஷூட் பண்ணு.' அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படி என்றார். மறுவாரம் ஆபரேஷனுக்கு நடந்தே உள்ளே போனார்.

நீ சொன்னபடியே கார்டைக் காலி செய்தேன். லேப்டாப் திணறியதால் அதிலிருந்ததையும் அழித்தேன். அந்தக் கார்டில் அப்புறம் என்ன எடுத்தேன் தெரியுமா? ஃபோகஸ் பழக, மாடிக் கொடியில் காயும் துணி.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா டிவியைக் காட்டி, அந்த வீடியோவைப் போடு என்று சைகை செய்தார். போட்டேன். அப்பா பேசுகிறார், வாய் அசைகிறது, ஒரு சத்தமும் இல்லை. அம்மா ரிமோட்டை வாங்கி இருக்கிற பொத்தானை எல்லாம் அமுக்கினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தை மட்டும் பார்த்துச் சரிசெய்வதற்காகச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். திரும்பப் போட மறந்து, அப்படியே ஃபைலாக்கி உனக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருப்பதும் அதேதான். கேமரா கடைக்காரரிடம் கார்டைக் கொடுத்து, அழித்ததை மீட்கப் பார்த்தேன். துணிதான் வந்தது.

ஊமைப் படத்தில் உனக்கு எந்தக் குரல் கேட்டது அண்ணா? எந்த மியூசிக்?

மறந்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ ஒரு நிமிஷம் திறந்து பார்த்து, என்னடி சத்தமே வரல என்று கேட்டிருந்தால் அன்றே சரியாகியிருக்கும். நேரமில்லை என்று சொல்லியிருந்தால் எத்தனை நாள் ஆனாலும் காத்திருந்திருப்பேன். அழுததாக எதற்குச் சொன்னாய்? இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நம்பிக் கொடுத்தேன், நீ பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று டிவியை அணைத்த பிறகு அப்பா செல்போனில் தட்டிக் காட்டினார். 'பெரியவன் கேட்டானா?'

"கேட்டான்பா. அழுதுட்டான்பா," என்றேன். உன் பொய்யை என் வாயால் சொன்னேன். டிவியில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கடைசித் துண்டில் அவர் சொன்னது இது. கோபத்தில் இதை உனக்குச் சொல்லவே கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். அது அப்பாவுக்குச் செய்கிற அநியாயம்.

"பெரியவனே, உன் வேலைய வெட்டி வேலை, வெட்டி வேலைன்னு நாலு பேர் முன்னாடி கேலி பண்ணியிருக்கேன். வெட்டி ஒட்டுறதுதானே, இதுக்கென்ன படிப்புன்னு. இப்ப இவ பக்கத்துல உக்காந்து பாக்கறேன். எத வைக்கணும், எத விடணும்னு முடிவு பண்றது லேசுப்பட்ட காரியம் இல்லப்பா. நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காத."

ஒரு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம். நடுவில் ஒரு தடவை இருமினார். அவர் சொன்ன விதத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடாதே. கொஞ்ச நாளாக உன் போன் வந்தால் அம்மா கையிலிருந்து அவர்தான் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்கிறார். நீ 'ஹலோ, ஹலோ, லைன் கட்டாயிடுச்சு போல' என்று வைத்துவிடுகிறாய். கட்டாகவில்லை அண்ணா. இந்தப் பக்கம் அப்பா இருக்கிறார்.

அடுத்த தடவை வைத்துவிடாதே. "கேட்டேன்பா" என்று சொல். முடிந்தால் லீவு போட்டு வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல். என்னிடம் சொன்ன மாதிரியே சொல், நன்றாகத்தான் சொல்வாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை