வித்யா தைலமும் அப்பாவின் காலும்

திருநகர், மதுரை
ஆவணி 12

அன்பு மகள் வித்யாஸ்ரீக்கு அம்மா எழுதுவது. புளோரிடாவில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கக் கூடலழகர் துணை. இங்கே நான் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்ந்து படி. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதோடு நம் வீட்டுப் பாஷையில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்தென்றால் நமக்குத் தமிழ்தானே, வீட்டில் பேசாத பாஷை கொஞ்சம் தள்ளி நிற்பதால் எழுதிவிட முடிகிறது.

அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார், கட்டுப் போட்டிருக்கிறது, நடக்கக் கூடாது என்று உனக்குச் சொன்னோம் அல்லவா, அது பொய். ஆடி மாதம் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது புண் ஆறிவருகிறது, உயிருக்கு ஆபத்தில்லை, முதலில் அதைத் தெரிந்துகொள்.

சித்திரையில் அழகர் எதிர்சேவைக்கு மத்தியான வெயிலில் வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று நின்றார். சர்க்கரைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் சொன்னதைக் கேட்டால்தானே. உள்ளங்கால் கொப்பளித்தது அவருக்குத் தெரியவே இல்லை, இரண்டு நாள் கழித்துப் பாயில் ஈரத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். வலியே இல்லை என்றார். வலி இல்லாததுதான் வினை என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ அனுப்பியிருந்தாயே டீ ட்ரீ ஆயில், நகச்சொத்தைக்கு மட்டும், தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுத் தடவச் சொல்லி, அதை எடுத்து அப்படியே புண்ணில் ஊற்ற ஆரம்பித்தார். வீட்டில் அதற்கு வித்யா தைலம் என்று பெயரே வைத்தாயிற்று. வருகிறவர்களிடமெல்லாம், எம் மக அமெரிக்காவுல மரம் வெட்டுறா, அந்த மரத்துத் தைலம்தான் இது என்று அளப்பார். நீ வெட்டும் மெலலூக்கா ஒரு சாதி, எண்ணெய் எடுப்பது அதன் பங்காளிச் சாதி என்று நீ நூறு தடவை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. சதுப்பு நிலத்தை வற்ற வைக்க ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்களாம், அது ஊரையே வளைத்துக்கொண்டு மற்ற செடிகொடிகளைத் தலையெடுக்க விடவில்லையாம், அதை ஒழிக்கத்தான் என் மகளுக்குச் சம்பளம் என்று, முட்டளவுத் தண்ணீரில் நீ நிற்கும் போட்டோவைக் காட்டிக் காட்டிப் பூரிப்பார்.

அந்த எண்ணெய் வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி சுத்தமான வாசனை, அதனால் புண்ணும் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நான் நம்பிவிட்டேன். ஆனி கடைசியில் ஒரு விசேஷத்துக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணிக்கு ஆட்டோவில் போனோம். ஓட்டினது நம் தெரு அருண்பாண்டி. அன்றைக்குப் பார்த்துப் பாட்டில் காலி, அப்பா எண்ணெய் போடவில்லை. பழங்காநத்தம் தாண்டுவதற்குள் அருண்பாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தி, யக்கா, தப்பா நினைக்காதீக, அண்ணன் கால்ல இருந்து எலி செத்த மாதிரி வாடை வருது, ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா என்று கேட்டார். இத்தனை நாள் கூடவே படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது.

அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனோம், முதலில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். நிற்கவில்லை, மேலே ஏறியது. காலையே எடுக்க வேண்டும் என்றதும் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, வித்யா சொல்லுவாளே, மேலாக்க வெட்டினா அந்த மரம் மறுபடியும் தழைச்சுக்கும்னு, இதையும் மொத்தமா எடுத்துடச் சொல்லு என்றார். அவரே கையெழுத்துப் போட்டார். உன் பேரைச் சொல்லித்தான் துணிந்தார்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். வைகாசியில் நீ வீடியோவில், அப்பா காலில் என்ன துணி சுற்றியிருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாய். காட்டியாயிற்று, சின்னக் கொப்புளம்தான், தேவலை என்றார் என்று சொன்னேன். காட்டவே இல்லை. அப்பா வரமாட்டேன் என்று பிடிவாதம். உனக்கோ விசா புதுப்பிக்கிற நேரம், கேள்விப்பட்டால் அடித்துப்பிடித்து ஓடி வருவாய், வந்தால் திரும்பிப் போக முடியாமல் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். நீ என் வார்த்தையை நம்பினாய். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் மனதுக்குள் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், அந்தப் பாழாய்ப்போன எண்ணெயை இவள் அனுப்பாமல் இருந்திருந்தால் என்று. போன வாரம் டாக்டரிடமே கேட்டேன். எண்ணெய் மேல பழி போடாதீங்கம்மா, கொப்புளம் வந்தன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா கட்டுக் கட்டியே சரி பண்ணியிருப்பேன் என்றார். அந்த நாளையெல்லாம் வீணாக்கியது நான்தான். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பெற்ற மகளைச் சபித்த வாயைக் கழுவ எந்தத் தீர்த்தம் போதும் என்று தெரியவில்லை.

அப்பா வீட்டுக்குள் வாக்கர் வைத்து நடக்கிறார். செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் புண் முழுதும் ஆற வேண்டுமாம். அவருடைய வலது செருப்பை நான் பரணில் போட்டுவிட்டேன், அவரும் கேட்கவில்லை. வித்யாகிட்ட சொல்லாதே, அவளுக்குத் தெரிஞ்சா வேலையில மனசு ஓடாது என்கிறார். நானும் எத்தனை நாளைக்குத்தான் அவர் முகத்தை மட்டும் போனில் பிடித்துக் காட்டிக்கொண்டிருப்பது, கை வலிக்கிறது. நீயும் நாளெல்லாம் சேற்றில் நிற்கிறவள், பூட்ஸைக் கழற்றியதும் உள்ளங்காலை ஒருதரம் பார்த்துவிடு. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதே, நம் வம்சத்துக்கே சர்க்கரை உண்டு.

நூறாயுசும் நல்ல உடம்பும் உனக்குப் பெருமாள் கொடுக்கட்டும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. முதலில் அப்பாவிடம் பேசு, காலைக் காட்டச் சொல்லிப் பார், அவர் எதிரில் அழாதே. அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. திட்டி முடித்துவிட்டு மறுநாளும் கூப்பிடு.

உன் அம்மா,
லலிதாம்பாள்