இது யாரு கை?

அக்கா,

மாடியில் குடியிருக்கும் பெண் இன்று மத்தியானம் தக்காளியையும் பச்சை மிளகாயையும் தீயில் நேராகக் காட்டிச் சுட்டிருக்கிறாள். கமறல் படியிறங்கி வந்து என் தொண்டையைப் பிடித்தது. நான் இருமி ஓய்வதற்குள் ஒரு கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். மாம்பழம் போட்ட சல்சாவாம். கைப்பேசியில் பார்த்துச் செய்தாளாம். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்க பாட்டி" என்று சிரித்தாள். வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் போய்ச்சேர்ந்துவிட்ட செய்தி தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு வந்தது.

எனக்கு அந்தச் சல்சாவைச் சொல்லிக்கொடுத்தது சேலம் ஃபேர்லேண்ட்ஸ் டாக்டர் வீட்டம்மா. அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர்கள். என் வீட்டுக்காரர் தறிக்குழியிலேயே இருமி இருமிச் செத்தபின், ஜலகண்டாபுரத்தை விட்டு வந்து அங்கே சமையலுக்கு இருந்தேன். தக்காளி, வெங்காயம், மிளகாய் எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, வேகவைக்காமல் எலுமிச்சை பிழிந்து பிசறுவது அந்தம்மாவின் முறை. எனக்கு அது வெறும் புளிப்பாகத் தெரிந்தது. தக்காளியையும் மிளகாயையும் கரியடுப்பில் சுட்டு, சேலத்து மாங்காயில் பாதி பழுத்த செங்காயாகப் பார்த்து நறுக்கி, வெல்லத்தைச் சீவிப் போட்டு, வறுத்த சீரகம் தூவினேன். முதலில் இனிக்கும், விழுங்கியபிறகு உறைக்கும். பின்கட்டு கட்டுவதற்கு மணல் இறக்க வந்த லாரி முதலாளிக்கு ஒருநாள் அதை வைத்துச் சோறு போட்டேன். அவர்தான் உங்கள் வீட்டுக்காரர். மறுவாரம் மணலே இல்லாமல் வந்தார். அடுத்த வருஷம் நாமக்கல்லில் எனக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார். அதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பரமத்தி வேலூரில் உங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, ஆள்கட்டு எல்லாம் இருந்தன. நீங்கள் என் வாசலுக்கு வருவீர்கள் என்று நான் நினைத்ததே இல்லை. மாங்காய்க் காலம். நல்ல வெயில். கையில் தூக்குப்போசியோடு நின்றீர்கள். பார்த்ததும் நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டது. அடிக்க வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஏம் அம்மிணி, அந்தக் கருமத்த எப்படிச் செய்யறதுன்னு சொல்லு" என்றீர்கள்.

எனக்கு விளங்கவில்லை.

"அதென்னமோ சலசா. இங்கிருந்து கொண்டாந்து வெச்சு, இதுமாதரி செய்யின்னாரு. நானும் செஞ்சேன். தட்டத்த வீசுனாரு." தலைமுடியை ஒதுக்கிக் காட்டினீர்கள். நெற்றிப்பொட்டில் தட்டின் விளிம்பு பட்ட இடம் கன்றிப்போயிருந்தது. "ஊட்ல சம்பந்தி வந்து உக்காந்திருக்கறாங்க. அவங்க முன்னால."

தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். முடிந்ததும் போசியை நீட்டினீர்கள்.

"நாம் பழகறதுக்கு நாளாகும். இன்னிக்கு நீ செஞ்சதையே கொண்டுபோயி வெக்கறேன். ஒருநாளைக்காச்சும் நிம்மதியாச் சோறு திங்கட்டும்."

வழித்துப் போட்டுக் கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை அது நான் செய்தது.

நாலைந்து நாள் கழித்துத் திரும்ப வந்தீர்கள். இந்த முறை கன்னம் வீங்கியிருந்தது. தண்ணீரை நீங்களே மொண்டு குடித்தீர்கள். பிறகு அவருடைய குரலிலேயே சொன்னீர்கள்: "'அவ கைப்பக்குவம் உனக்கு ஏழு சென்மத்துக்கும் வராதுடி'ன்னு சொல்லிப்போட்டு, வாயில வெச்சத என்ற மூஞ்சியில துப்புனாரு."

ஈரத்துணியை எடுத்து நீட்டினேன்.

"உன்ற கைதான் அம்மிணி அது. உன்ற கையத்தான் துப்புனாரு." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு நீங்களே அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தீர்கள். உங்கள் வெங்காயம் என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது. வெல்லம் கொஞ்சம் தூக்கல். மிளகாயைக் கருக விட்டுவிட்டீர்கள். "இத அவருக்கு வை. என்ன சொன்னாருன்னு ஒரு வார்த்தை உடாமச் சொல்லு, வாரேன்" என்று கிளம்பினீர்கள்.

வைத்தேன். அவர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டைத் தள்ளினார். "ஊட்ல ஒண்ணு இருக்குதே, அதெல்லாம் பொம்பளையா? உப்பு ஒறப்புத் தெரியாத சென்மம்" என்றார். நீங்கள் செய்ததைத் தின்றுகொண்டே சொன்னார். இது நீங்கள் செய்தது என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் கன்னம் கண்முன் வந்தது. சொல்லியிருந்தால் அதற்கும் அடி உங்களுக்குத்தான் விழுந்திருக்கும். மறுபடி போட்டேன்.

நீங்கள் வந்தபோது ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். "அப்போ சரி" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப்பின் என் வீட்டுக்கு வரவில்லை.

அவருக்கு வாதம் வந்தது லாரி ஆபீசில் வைத்து. வாய் கோணி, வலது கை விழுந்து, பேச்சு நின்றுபோனது. ஆட்கள் தூக்கிக்கொண்டுபோய் உங்கள் வீட்டில்தான் போட்டார்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை. தெருவில் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் அடுத்த மாங்காய்க் காலத்தில் நீங்களே ஆள் விட்டீர்கள், ஒருநடை வந்துவிட்டுப் போகச் சொல்லி.

உங்கள் வீட்டுக்குள் நான் வந்தது அது ஒருதரம்தான். முன்கூடமான ஆசாரத்தில் கட்டில். துணியெல்லாம் வெளுப்பாக, ஒரு நாற்றம் இல்லாமல், அவரைக் குழந்தைபோல வைத்திருந்தீர்கள். ஊரே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவதாக என்னை அழைத்துவந்த ஆள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

நீங்கள் கிண்ணத்தோடு வந்தீர்கள். பார்த்ததும் தெரிந்தது. சுட்ட தக்காளி, செங்காய், வெல்லம். மிளகாய் மட்டும் நாம் போடும் அளவுக்கு இரண்டு மடங்கு இருக்கும். கரண்டியில் எடுத்து, அவருடைய கோணல் வாயை விரலால் திறந்து, உள்ளே வைத்தீர்கள்.

"இது யாரு கைங்க? சொல்லுங்க பாக்கலாம்."

மரியாதையாக, மெதுவாகத்தான் கேட்டீர்கள். அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. துப்பவும் வலு இல்லை. மோவாயில் வழிந்ததை முந்தானையால் பதனமாகத் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டி எடுத்தீர்கள்.

"உங்களுக்குத்தான் கை தெரியுமே. என்றதுங்களா, அம்மிணியுதுங்களா?"

"வேண்டாங்கக்கா" என்றேன்.

"தெனமும் கேக்கறேன். சரியாச் சொல்லிப்போட்டாருன்னா உட்டர்றேன்." கிண்ணத்தை என் பக்கம் நீட்டினீர்கள். "நீயும் கேளு. உன்னக் கண்டாச் சொன்னாலும் சொல்லுவாரு. அதுக்குத்தான் கூப்புட்டு உட்டேன்."

வாங்கினேன். கீழே வைத்தேன். கட்டிலருகே சட்டியிலிருந்த தயிர்ச்சோற்றைப் பிசைந்து அவருக்கு ஒரு வாய் ஊட்டினேன். அவர் என்னையே பார்த்தபடி விழுங்கினார். நீங்கள் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"உன்ன அவரு ஒருக்காகூட அடிச்சதில்ல, இல்லியா?"

அடித்ததில்லைதான். உங்களைக் கொடுமைக்காரி என்று நினைத்துக்கொண்டே அன்று பஸ் ஏறினேன். கரூர் ரோட்டில் பாதி தூரம் போவதற்குள், அப்படி நினைப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. இரண்டும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன அக்கா. ஒன்று மற்றொன்றை ஜெயிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் அவர் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மகன் ஆட்களோடு வந்து என் சாமான்களைத் தெருவில் எடுத்துப் போட்டான். அம்மிக்கல்லைக்கூட விடவில்லை. ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். வெள்ளைச் சேலை. யார் சொல்லி வந்தீர்களோ தெரியாது.

"அவங்கப்பன் மாதரியே பேசறானா?" என்று கேட்டீர்கள்.

தலையாட்டினேன்.

"ஊட்லயும் அப்படித்தான். என்ற மருமகளக் கண்டா அரிவாளாட்டத்தான் வாயத் தொறக்கறான்."

சேலம் பஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். மன்னிப்பும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க ஒரு கை கொடுத்தீர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வண்டி நகரும்போதுதான் சொன்னீர்கள்: "சமைக்கறதுன்னா சமைச்சுப் போடு அம்மிணி. நல்லா இருக்குதான்னு மட்டும் எவங்கிட்டயும் கேக்காத."

அதற்கப்புறம் உங்களை நான் பார்க்கவில்லை. சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. உடம்பு முடியாமல் போகும்வரை அங்கேதான் இருந்தேன். எத்தனையோ பிள்ளைகள் என் கையால் தின்று, படித்து, கல்யாணமாகிப் போனார்கள். சிலதுகள் சமையல்கட்டுக்கே வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதேதோ சொல்லும். அவர்கள் சொன்னதில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. பரிமாறிவிட்டால் உடனே திரும்பிப் பின்வாசலுக்குப் போய்விடுவேன். முதல் வாய் வைக்கும்போது ஒருவருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை.