உண்மையிலேயே இறங்கலைங்க

என்னங்க, முட்டை வேக வெச்சு மூடி வெச்சிருக்கேன், ரொட்டி டப்பாவுல இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்ச அசதியில அப்படியே படுத்துடாதீங்க. எதிர்வீட்டு டீச்சர் வந்தா, தையல் மெஷின் மேல மடிச்சு வெச்சிருக்கற யூனிஃபார்மைக் குடுத்துடுங்க.

நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நேத்தே சொல்லலாம்னுதான் பக்கத்துல வந்தேன். அதுக்குள்ள நீங்க, "மூணு மாசமா என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடல. என் மூஞ்சியைப் பாத்தா சோறு இறங்கலையா?"ன்னு கேட்டுட்டு வேலைக்குக் கிளம்பிட்டீங்க.

உண்மையிலேயே இறங்கலைங்க. முழுங்கினது நடு நெஞ்சுல நின்னுடுது. பாதி நாள் வாந்தி எடுத்துடுவேன். அந்தக் கண்றாவியை நீங்க பாக்க வேண்டாம்னுதான் அடுப்படியில தனியா சாப்பிட்டேன்.

வெறும் நெஞ்செரிச்சல்னு வருஷக்கணக்கா மாத்திரையைப் போட்டு ஓட்டிட்டேன். வயித்து அமிலம் மேல ஏறி ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கிடுச்சாம். புண்ணு ஆறி ஆறித் தழும்பாகி, குழாயே சுருங்கிப்போச்சுன்னு, மருந்தைக் குடிக்க வெச்சு எடுத்த எக்ஸ்ரேயைப் பாத்துட்டு டாக்டர் சொன்னார். இன்னிக்கு உள்ள கேமரா விட்டுப் பாத்து, அந்த இடத்தை விரிச்சு விடுவாங்க. சதையும் துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்களாம்.

இடம் பத்தல, ஓரத்துல எழுதறேன். மயக்க மருந்து குடுக்கறதால என்னைத் தனியா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம். ஃபார்ம்ல 'துணைக்கு வருபவர்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் உங்க நம்பரைத்தான் எழுதினேன். பதினோரு மணிக்கு மேல கூப்பிடுவாங்க. தெரியாத நம்பர்னு கட் பண்ணிடாதீங்க.