மச்சினனின் கனத்த குண்டுகள்

ஆடி 4, திங்கள்

பேய்க்காற்று. எதிர்வீட்டு ஆடு மேய்ந்தபடியே பறந்துபோய்ச் சின்னமனூரில் இறங்கியது. இனி எழுதப்போவதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று பள்ளத்தாக்கின் மூன்று பக்க மலைகளையும் சாட்சி வைத்து உறுதி கூறுகிறேன்.

வீட்டு பிரிட்ஜ் கதவில் மச்சினன் செல்வத்தின் குறி அட்டை. ஐம்பது மீட்டர், ஏர் ரைபிள், ஐந்து குண்டு. ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள். ஒட்டியது என் மனைவி பொன்னுத்தாய். ஆறு வருடமாக எங்கள் துப்பாக்கி கிளப்பிலிருந்து மதுரைப் போட்டிக்குப் போகிறவன் நான். என் அட்டை ஒன்றுகூட அந்தக் கதவில் ஏறியதில்லை. இந்த வருடம் ஒரே ஒரு இடம்தான். ஞாயிறு தேர்வு.

"தெருவே வந்து பாத்துட்டுப் போனாக. உங்களுக்கு மட்டும் என்ன கண்ணு உறுத்துது?" என்கிறாள்.

இனி பானைத் தண்ணீர்தான் குடிப்பது.

ஆடி 5, செவ்வாய்

காரணம் பிடிபட்டது. குண்டு! அவனுடையது கனத்த ரகம், என்னுடையது லேசு. காற்று தள்ளினால் லேசுக் குண்டு ஒதுங்கும், கனத்தது அசையாது. ஆக, சுடுவது செல்வம் அல்ல, ஈயம்.

ஏலக்காய் சலித்துத் தரம் பிரிக்கிறவன் புத்தி. என் குண்டில் பருமனானதைப் பொறுக்கக் கடைச் சல்லடையில் கொட்டினேன். அத்தனையும் கீழே. பொறுக்கி முடிக்க ஒரு யுகம்.

ஆடி 6, புதன்

ஆசாரியிடம் நகைத் தராசு இரவல். முந்நூறு குண்டு, ஒவ்வொன்றாக. ஒரே எடையாக முப்பத்தொன்று தேறின. பாவாடை மடங்கியவை நாற்பது, தூர எறிந்தேன். (குண்டுக்கும் பின்பக்கம் பாவாடை உண்டு. பொன்னுத்தாயிடம் விளக்கப்போய்த் திட்டு.)

மறக்காமல்: கோழித் தீவனம், இருமல் மருந்து.

ஆடி 9, சனி

செல்வம் சாப்பிட வந்தான். அவனுக்கு மட்டும் கறியில் ஈரல். பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போன நேரம், அவன் டப்பாவில் என் லேசு, என் டப்பாவில் அவன் கனம். எண்ணி இருபது நொடி. இவ்வளவு நேர்த்தியாக ஒரு காரியம் என் கல்யாணத்தில்கூட நடக்கவில்லை.

பாவமாக இல்லை. கொஞ்சம்கூட இல்லை. ஈரல்.

ஆடி 10, ஞாயிறு

ஓடைப்பட்டி. திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தரிசு. குருவி விரட்டக் கட்டிய பளபள நாடாக்கள் காற்றில் சடசடவென்று அடித்தன.

முதலில் நான், கனத்த குண்டோடு. ஐந்தும் சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. காற்று, கண்ணாடி, காலையில் தின்ற பணியாரம் எல்லாவற்றையும் குற்றம் சொன்னேன். குண்டைச் சொல்ல வழியில்லை.

பிறகு அவன். முதல் குண்டு மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கியது. எனக்குள் நாதஸ்வரம். அவன் டப்பாவைத் திறந்து, ஒரு குண்டை உள்ளங்கையில் போட்டு உருட்டினான். என்னைப் பார்க்கவில்லை. நாடாக்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவை தொய்ந்தபோது சுட்டான். மறுபடி தொய்யும்வரை காத்தான். அப்படியே நாலு.

கிளம்பும்போது மிச்ச லேசுக் குண்டோடு தன் டப்பாவை என் கையில் வைத்தான்.

"மச்சான், குண்டு லேசா இருந்துச்சு. குறிய ரெண்டு கோடு கீழ, ஒரு கோடு இடப்பக்கம் வாங்கிச் சுட்டேன். கனத்தத நீங்களே வச்சுக்கங்க. அக்காட்ட நான் ஒண்ணும் சொல்லல."

மதுரைக்கு அவன் போகிறான்.

பொன்னுத்தாய் தம்பியின் இன்றைய அட்டை எங்கே என்றாள். அங்கனயே காற்று கொண்டுபோய்விட்டது என்றேன்.

பொய். என் சட்டைப்பையில் இருக்கிறது. ஆடு பறந்தது பொய், ஒரு யுகம் பொய், பாவமாக இல்லை என்றதும் பொய். அந்த நாலு குண்டும், என் லேசுக் குண்டு, ஒரே பொத்தலில் போனது மட்டும் நிஜம். காசு வைத்து மூன்று முறை பார்த்துவிட்டேன்.