அலுமாரிக்குள் இருந்த பதினொரு குரல்கள்

களுவாஞ்சிக்குடி,
02.07.2025

அன்புள்ள தக்ஷாயினிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ உன் நலத்தை வாய்விட்டுச் சொன்னபோது, அதை உன் அம்மாவிடம் போகவிடாமல் செய்தவள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்து வாங்கில் இருந்த விதுர்ஷாதான் எழுதுகிறேன். நீ பழைய இலக்கத்தை விட்டுவிட்டாய், புதிது யாரிடமும் இல்லை. நீ வேலை செய்யும் வீட்டுக்குச் சாமான் கொண்டுவரும் காத்தான்குடி ஜிப்ரி நானா லீவில் வந்து, நாளை மறுநாள் குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில்தான் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் ஆற்றில் இறங்கி இறால் பிடிக்கிறார். முழங்கால் மட்டும் அவ்வப்போது பிடிக்கிறதாம். வீட்டுக்கூரையின் பின்பக்கம் ஓடு போட்டாயிற்று. பெப்ரவரியிலிருந்து உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை என்றுதான் அவருக்குக் கவலை. முருகன் கோயிலுக்கு நேர்த்திகூட வைத்திருக்கிறார்.

எங்கள் நிறுவனம் மண்டூரில் நடத்திய திட்டம் உனக்குத் தெரியும். மாதர் சங்கக் கட்டடத்தில் ஆளுக்கொன்றாகப் பதினாலு தொடுதிரை டெப், சனிக்கிழமை தோறும் வகுப்பு, ஊர்ப் பெண்களுக்கு இணையம் பழக்குவது. நான்தான் பொறுப்பு. உன் அம்மா முதல் நாள் டெப்பைத் தொடமாட்டேன் என்றார், ஈரக்கையாம். மூன்றாவது கிழமை குரல் பதிவு அனுப்பப் பழகிவிட்டார். நீ போகும்போது இரண்டு பேரும் முகம் பாராமல் பிரிந்தவர்கள். அம்மா பஸ்சுக்குக்கூட வரவில்லை என்று நீ என்னிடம் அழுதாய். அந்த டெப்பில்தான் நீங்கள் மறுபடி கதைக்கத் தொடங்கினீர்கள். அதை நினைத்து நான் பெருமைப்பட்டேன். உண்மையாகவே பெருமைப்பட்டேன்.

அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பும் கணக்குத் திறந்த அன்று ஒரு காரியம் செய்தேன். இரகசிய இலக்கம் வருவதற்கு அம்மாவின் சொந்த போன் வேண்டும். அந்தப் பழைய பட்டன் போனை அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். போய் எடுத்துவர அரை மணித்தியாலம் ஆகும். மாத முடிவுக்குள் பதினாலு பேரையும் இணைத்துக் காட்ட வேண்டும், துறையில் கடைசிப் பாதைப் படகும் போய்விடும். வேண்டாம் அம்மா, டெப்பின் இலக்கத்திலேயே போடுவோம், டெப் எப்படியும் உங்கள் ஊரில்தானே இருக்கப்போகிறது என்றேன். எல்லாருக்கும் அப்படியே செய்தேன்.

டெப் ஊருக்கே சொந்தம் என்று கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொன்னவளும் நான்தான். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பெப்ரவரியில் திட்டம் முடிந்ததும், எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், பணம் தந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றார் எங்கள் இணைப்பாளர் ஜெயரூபன் அண்ணா. நான் ஒரு நாள் வாதாடினேன். இரண்டாம் நாள் உரப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் கேட்டவர்களிடம், திருத்தத்துக்குக் கொண்டுபோகிறோம், இரண்டு கிழமையில் வரும் என்றேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். அம்மா மூன்று சனிக்கிழமை பூட்டிய கட்டடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

இனித்தான் சொல்லக் கூசும் இடம்.

மார்ச் பன்னிரண்டாம் திகதி பார்வையிட வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு டெப்பாக இயக்கிக் காட்டினேன். அம்மாவின் டெப்பைப் போட்டதும் அது நிறுத்தாமல் மணியடித்தது. ஒன்பது குரல் பதிவுகள், எல்லாம் உன்னுடையவை. சத்தம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்றை அழுத்தினேன். "அம்மா..." என்றாய். மற்றவர் வீட்டு விசயம் என்று உடனே மூடிவிட்டேன். நல்ல நிலையில் உள்ளது என்று படிவத்தில் எழுதி, டெப்பை அணைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

உன் பக்கத்தில் சரி அடையாளம் இரண்டும் நீலமானது அப்போதுதான். பார்த்தது உன் அம்மா இல்லை தக்ஷா. நான்.

அன்றைக்கே மண்டூருக்குப் போய், மகள் கதைத்திருக்கிறாள் அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்கே, கொண்டு வா என்பார். டெப் திரும்பி வராது என்பதையும் சொல்ல வேண்டிவரும். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து ஒரு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு கிழமை. பிறகு வருட அறிக்கை வேலை வந்தது. அதன் அட்டையில் யார் படம் தெரியுமா? டெப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் உன் அம்மா. அந்தப் படத்தைத் தெரிவு செய்ததும் நான்தான்.

போன வெள்ளிக்கிழமை டெப்புகளை வேறு மாவட்டத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அழிப்பதற்கு முன் திறந்தேன். மேலும் இரண்டு பதிவுகள் வந்து விழுந்தன. பதினொன்றையும் இருந்து கேட்டேன். "ஒப்பந்தம் முடியப் போகுது அம்மா. கையெழுத்து வைக்கட்டா, வரட்டா? நீங்க வா எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வந்திருவன்." அது ஏழாவது. கடைசியில், "கேட்டுட்டும் ஒண்டும் சொல்லல்ல. சரி, விளங்கிற்று அம்மா. ரெண்டு வருசத்துக்கு வச்சிட்டன்."

சனிக்கிழமை ஜெயரூபன் அண்ணாவிடம் கேளாமலே அந்த டெப்பை எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஏழாவதை மூன்று தரம் போடச் சொன்னார். பிறகு டெப்பை வாய்க்குக் கிட்டப் பிடித்து வா மகள் என்று சொன்னார். ஒற்றைச் சரிதான் விழுந்தது. இன்னும் ஒற்றையாகவே நிற்கிறது. டெப் இவ்வளவு நாளும் பூட்டிக் கிடந்தது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். திறந்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளிக்கிடும்போது ஒரு கோப்பை இறாலைப் பொலித்தீன் பையில் கட்டித் தந்தார், நான் மகளின் குரலைக் கொண்டுவந்தவள் என்று. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

அன்று அந்த அரை மணித்தியாலத்தையும் எடுத்தேன். என்னுடைய பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்து, அவருடைய சொந்த இலக்கத்திலேயே கணக்குத் திறந்தோம். இரகசிய இலக்கம் பட்டன் போனுக்கு வந்தது. அம்மாவே ஒவ்வொரு எண்ணாக வாசித்து அழுத்தினார். அந்த இலக்கத்தைக் கடிதத்தின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். இதை ஒருவரும் திருப்பி வாங்க முடியாது.

நீ ஒப்பந்தத்தில் வைத்த கையெழுத்தைப் பற்றி மட்டக்களப்பு வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரித்தேன். முடியும் என்று சொல்லவில்லை. நீ வர விரும்புவதாக எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டாரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். படிவத்தை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். என்னை எவ்வளவு ஏசினாலும் ஏசு. படிவத்தை மட்டும் கிழித்துவிடாதே.

வியாழன் மாலை

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் காட்டப் போனேன். வாசித்துக் காட்டச் சொன்னார். சில இடங்களை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்றுதான் பாதைப் படகில் நினைத்துக்கொண்டு போனேன். அவருக்கு முன்னால் இருந்ததும் முடியவில்லை. மார்ச் பன்னிரண்டு வந்ததும் நிறுத்திவிட்டேன். "மிச்சத்தையும் வாசி புள்ள" என்றார். எல்லாவற்றையும் வாசித்தேன்.

அம்மா என்னை ஏசவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. உனக்கு இதை எழுதச் சொன்னார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"நான் கேட்கல்ல மகள். கேட்டிருந்தா அண்டைக்கே வா எண்டு சொல்லியிருப்பன். பஸ்சடிக்கு வராததுக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பன்."

பிறகு உள்ளே போய்விட்டார். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். நான் கொடுத்த போன் அவர் மடியில் இருந்தது. சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருக்கிறார்.

எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம் தக்ஷா. நீ சுகமாக இருக்க வேண்டும், அந்த முருகன் உன்னைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அந்த நிமிடமே அம்மாவுக்கு எடு. இந்த முறை அவர்தான் எடுப்பார்.

உன் முன்னால் தலை குனிந்து,
விதுர்ஷா