அடங்காத தலைக்கு ஒரு நீலப் போத்தல்

என் பரட்டைக்காரிக்கு,

இன்று காலை மகள் புதிதாக ஒரு போத்தல் வாங்கிவந்து உடுப்புத் தோய்க்கும் மெஷினில் ஊற்றினாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்த மணம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. "என்னம்மா, தலை சுத்துதோ?" என்று கேட்டாள். "இல்லை. இது என்ரை சிநேகிதியின்ரை தலை மணம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். துவாய் மெத்தென்று வருவதற்காக ஊற்றுகிற சாமானைப் போய் ஒருத்தியின் தலை மணம் என்றால் பிள்ளை வேறெப்படிப் பார்க்கும்? அவளுக்கு விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். இந்தக் கதையைக் கேட்க உரிமையுள்ள ஆள் நீதான். ஊர்காவற்றுறையில் உன்னை அடக்கம் செய்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிய நாளிலிருந்து உனக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தியும் ஒன்று என்னிடம் கிடக்கிறது.

அதற்கு முன் உன் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் படித்த பள்ளிக்கூடத்தில் காலைச் செபம் முடிந்ததும் சிஸ்டர் தண்ணீர் தொட்டுத் தொட்டு உன் தலைமயிரை அமத்திவிடுவார். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குள் அது எழும்பிவிடும். ஒருநாள் அவர் பொறுமையிழந்து ஏசியபோது நீ எழுந்து நின்று, "சிஸ்டர், என்னை இருக்கச் சொன்னா நான் இருப்பன். இது இராது" என்றாய். வகுப்பே சிரித்தது. சிஸ்டரும் மற்றப் பக்கம் திரும்பி நின்று சிரித்ததை நான் கண்டேன்.

உன்னிலும் பிழையில்லை. உங்கள் வீட்டுக் கிணறு உவர்க் கிணறு. நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்தான் குடத்தில் வரும். உவர்த் தண்ணீரில் தலை முழுகி, கடற்காற்றில் காயவிட்டால் எந்தத் தலைதான் படிந்து கிடக்கும்? ஆனாலும் நாம் சும்மா இருந்தோமா? தேங்காயெண்ணெய் வைத்தோம். மத்தியானம் வரை படிந்திருந்தது. வெயில் ஏறியதும் எண்ணெய் நெற்றியில் வழிந்தது, மயிர் மேலே எழும்பியது. அரப்பும் தேசிக்காயும் போட்டு முழுகினாய். தலை சுத்தமாகி இன்னும் பெரிதாக விரிந்தது. பக்கத்து ஊரான சுருவிலில் எங்கள் வேலியோரத்துச் செவ்வரத்தையில் நான் இலை பிடுங்கிச் சைக்கிள் கூடையில் கொண்டுவருவேன். அதைக் கசக்கி வைத்தால் வழுவழுப்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காய்ந்ததும் பொடிப் பொடியாக உதிரும். கடையில் பைக்கற்றாக விற்ற ஷாம்பூ உங்கள் கிணற்றுத் தண்ணீரில் நுரைக்கவே மறுத்தது. நீ ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சரி, இதுவும் தோத்துப் போச்சு" என்று சொல்லிச் சிரிப்பாய். அதனால் உனக்கு அது ஒரு விளையாட்டு என்றே நான் நினைத்திருந்தேன்.

கலியாணம் பேசி முடிந்த பிறகுதான் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. மாப்பிள்ளை நெடுந்தீவு. அவருடைய தாய் வள்ளத்தில் வந்து இறங்கும்போதே கையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். அதற்குள்ளே கலியாணத்துக்குத் தலையில் முக்காடாகப் போடும், வலைபோன்ற வெள்ளை நெற். மாமி தன் கலியாணத்துக்குப் போட்டது, பிறகு மூத்த மகள் போட்டது, இனி மருமகள் போட வேண்டியது. அவர் உன் தலைமயிரில் ஒரு பிடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இது சரியான மெல்லிசு. தலை படிஞ்சிருந்தாத்தான் நிக்கும். கொழுவுப்பட்டுதெண்டால் கிழிஞ்சிடும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உன் அம்மாவும் "ஓம் ஓம், அது பார்ப்பம்" என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தார். வள்ளம் புறப்பட்டுப் போன பிறகு நீ கிணற்றடியில் போய் நின்று அழுதாய். அதற்கு முன் நீ அழுது நான் கண்டதில்லை. "கோயிலுக்குள்ளை, எல்லாச் சனத்துக்கும் முன்னாலை, என்ரை தலை அந்த நெற்றைக் கிழிச்சுதெண்டால் சாகுமட்டும் எனக்கு அதுதான் பேர். நெடுந்தீவிலை நான் எப்பிடிக் குடியிருக்கிறது?" என்றாய். பொம்பிளைக்குத் தலை கட்டி வெளிக்கிடுத்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அக்கா வருவதாக இருந்தது. சண்டையில் பண்ணைப் பாலத்துப் பக்கம் ஷெல் விழுந்து, தீவுக்கு வரும் பாதை பூட்டியதும் அதுவும் இல்லையென்றாயிற்று. இனி உன் தலைக்கு நாமே ஏதாவது கண்டுபிடித்தால்தான் உண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜேர்மனியிலிருந்து என் அண்ணையின் பார்சல் வந்தது. பாதை பூட்டுவதற்கு முன்பே அங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருந்த அத்தான் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். துவாய், சொக்லட், மூன்று போத்தல்கள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. எழுத்து முழுக்க ஜேர்மன். நான் மூன்றையும் கூடையில் போட்டுக்கொண்டு உன்னிடம் ஓடிவந்தேன். நீலப் போத்தலில் ஒரு சின்னப் பிள்ளை வெள்ளையான எதிலோ கன்னத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "குழந்தைப் பிள்ளைக்குப் போடுறதெண்டால் தலைக்கு ஒண்டும் செய்யாது" என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

நீ அவ்வளவு லேசில் நம்பவில்லை. உங்கள் வீட்டில் எதையும் கரையில் சோதிக்காமல் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. புதுக் கயிறென்றால் உன் அப்பா அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவிட்டு, காலை ஊன்றி இழுத்துப் பார்த்த பிறகுதான் வள்ளத்தில் ஏற்றுவார். நீயும் கொட்டிலுக்குள் போய் ஒரு பழைய பருத்திக் கயிற்றை எடுத்துவந்தாய். அதில் மூன்று துண்டு வெட்டி, நுனிகளைப் பிரித்துவிட்டாய். "என்ரை தலையிலும் பார்க்க இது திறம்தான். இருந்தாலும் பரவாயில்லை" என்றாய். உங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சம் கலந்து, துண்டுகளை ஊறப்போட்டு, பிழிந்து, வேலியில் காயப்போட்டோம்.

பின்னேரம் போய்த் தொட்டுப் பார்த்தோம். மஞ்சள் போத்தலுக்குக் கயிறு விறைத்துப் போயிருந்தது. வெள்ளைக்குப் பிசுபிசுத்தது. நீலத்தில் ஊறியது மட்டும் பூனைக்குட்டியின் வயிறு போல் இருந்தது. நீ அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு போத்தலில் இருந்த பிள்ளையைப் போலவே சிரித்தாய். அடுத்த நாள் அதே தண்ணீரில், அதே அளவில் உன் தலைக்கு ஊற்றினோம். காய்ந்த பிறகு சீப்பு ஓரிடத்திலும் நிற்காமல் அடிவரை வந்தது. உன் அம்மா வந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

இப்போது யோசித்தால் உன் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. துணிக்கென்று செய்த சாமான் நூல் கயிற்றில் வெல்லாமல் வேறெதில் வெல்லும்?

கலியாணத்துக்கு முதல் நாள் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பார்சல் எல்லாம் சரியாக வந்ததோ, துவாய் நல்லதோ என்று விசாரித்தார். பிறகு, "அந்த நீலப் போத்தல் பாவிச்சனீங்களோ? துவாய் தோய்ச்சுக் கடைசித் தண்ணிக்கு அதை விட்டால் பஞ்சு மாதிரி வரும்" என்றார்.

"எதுக்கு விடுறது?" என்று கேட்டேன்.

"உடுப்புக்கு. வேறை எதுக்கு?"

நான் சைக்கிளை எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சுருவிலிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வரும் வழி முழுவதும், மொட்டைத் தலையோடு நீ கோயில் வாசலில் நிற்பதுதான் என் கண்ணுக்கு முன்னால். உங்கள் வளவு நிறையப் பந்தல் வேலை. நீ அறைக்குள்ளே, மூன்றாம் முறையும் அதிலேயே முழுகிவிட்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இருந்தாய். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். உன் முகம் வெளிறிப் போனது. நீ அருகில் வந்து முதுகைக் காட்டி நின்றாய்.

"பிடிச்சு இழு."

"எடி, எனக்கு ஏலாது."

"கயிறெண்டு நினைச்சு இழு. வாறதெண்டால் இண்டைக்கே வரட்டும். நாளைக்குக் கோயிலிலை வேண்டாம்."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். நீ "ஆ" என்று கத்தினாய். கண்ணைத் திறந்து கையைப் பார்த்தேன், கையில் ஒரு மயிர்கூட இல்லை. வேறு இடத்தில் இழுத்தேன். அங்கேயும் வரவில்லை. உச்சியிலும் காதோரத்திலும் பிடரியிலும் இழுத்து முடிய, இரண்டு பேரும் பாயில் விழுந்து வயிறு நோகச் சிரித்தோம். வெளியிலிருந்து உன் அம்மா, "கலியாணப் பொம்பிளை இப்பிடியோ சிரிக்கிறது?" என்று ஏசினார். அப்படியொரு நிம்மதி மூச்சு எனக்குப் பிறகு பிள்ளைப்பேறு முடிந்த நேரத்தில்தான் வந்தது. கழுவி விடுவோமா என்று நான் கேட்டதற்கு நீ யோசிக்கவே இல்லை. "உடுப்புக்குக் கெடுதல் இல்லையெண்டால், உடுப்புப் போடுற எனக்கு ஏன் கெடுதல்? கிடக்கட்டும்" என்றாய்.

நெற் கிழியவில்லை. பீடத்துக்கு முன்னால் நீ முழங்காலில் இருந்தபோது அது உன் தலையில் அசையாமல் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் பூசையைப் பார்க்க, நான் உன் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மாமி நெற்றைத் தன் கையாலேயே கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்துப் பெட்டியில் வைத்தார். பிறகு உன்னை மணந்து பார்த்து, "என்ன எண்ணெய், பிள்ளை?" என்று கேட்டார். நீ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஜேர்மனி எண்ணெய், மாமி" என்றாய். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். மிச்சம் இருந்தால் இளைய மகளின் தலைக்கும் கொஞ்சம் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிப் போனதை நினைத்து நாம் எத்தனை வருடம் சிரித்தோம்!

நெடுந்தீவுத் தண்ணீரில் முழுகியதும் உன் தலை பழையபடி எழும்பிவிட்டது. நீ பயந்துகொண்டு இருந்தாயாம். உன் மனுசன் பார்த்துவிட்டு, "இப்பதான் நான் பார்த்துச் சம்மதிச்ச ஆள் வந்திருக்கு. கோயிலிலை பக்கத்திலை ஆரோ வேறை பொம்பிளை நிண்டமாதிரிக் கிடந்தது" என்றாராம். அதை என்னிடம் சொன்னபோது உன் கண் நிறைந்தது. "இவ்வளவு பாடும் சும்மா பட்டிருக்கிறமடி" என்றாய். பிறகு நீ உன் தலைக்கென்று ஒன்றுமே தேடவில்லை.

அதன் பிறகு தீவுகளை விட்டு எல்லோரும் ஓட வேண்டி வந்தது. நீ யாழ்ப்பாணத்தில் வாடகை வீடுகளில் இருந்து, பிறகு அப்பாவின் வளவுக்கே திரும்பினாய். நான் கொழும்பில் தங்கிவிட்டேன். வருடங்கள் போய், உனக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றத் தொடங்கி மயிர் கொட்டியதும் நீ போனில் சொன்னாய்: "இப்ப மாமியின்ரை நெற்றைக் கொண்டு வரச் சொல்லு. கொழுவ ஒண்டுமில்லை, வழுக்கிக்கொண்டு போகும்." நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உன்னை அந்தத் தலையோடு பார்க்கப் பயமாக இருந்தது. கடைசி மாதங்களில் மருந்தை நிற்பாட்டிவிட்டார்கள் என்று உன் மகள் சொன்னாள். உன் குரலும் மெலிந்து, நம் பேச்சும் குறைந்து போனது.

செத்தவீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் இருந்து நான் ஒன்றைத்தான் மன்றாடினேன். உன் தலையை மூடி வைத்திருக்க வேண்டும் என்று.

மூடித்தான் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளை நெற். பக்கத்தில் நின்ற உன் மகள் கையில் தேங்காயெண்ணெய் தொட்டு உன் நெற்றியோரத்தை அமத்திக்கொண்டிருந்தாள். அவள் கையை எடுக்க, நெற்றின் ஒரு பக்கம் மெல்ல மேலே எழும்பியது. திரும்ப அமத்தினாள். திரும்ப எழும்பியது. "மருந்து நிற்பாட்டினாப் பிறகு முளைச்சது, அன்ரி. எப்பிடிப் படிய வைச்சாலும் இருக்குதில்லை" என்று என்னிடம் முறைப்பாடு சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் கிட்ட வந்து குனிந்து பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. நரைத்து, சுருண்டு, நாலாபக்கமும் எழும்பி நின்றது. எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "விடு பிள்ளை. அது இராது" என்றேன். அவள் அங்கால் திரும்பிய நேரம் நெற்றுக்குக் கீழே விரலை விட்டு ஒரு பிடி பிடித்து, உன் அப்பா கயிறு பார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தேன்.

வரவில்லையடி. ஒன்றுகூட என் கையோடு வரவில்லை.