முதல் வகுப்புக்குப் போகிறதுக்கு முன்னாடி

என் செல்ல வாண்டுக்கு,

இங்க நாங்க மூணு பேரும் சௌக்கியமா இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கறேன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போ பரவாயில்லை, தம்பி வேலைக்கு ஒழுங்கா போறான், காலையில அவனை எழுப்பறதுதான் பெரும்பாடு. போன வாரம் போன்ல பேசறப்போ, அடுத்த மாசம் கராத்தே வகுப்புல சேரப்போறேன்னு போகிற போக்குல சொல்லிட்டு வச்சுட்டே. அம்மா, நல்லதுதானேன்னு துணி மடிக்கப் போயிட்டா. எனக்குத்தான் அன்னியிலிருந்து மனசு ஒரு நிலையில இல்லை. போன்ல கேட்டா சிரிச்சு மழுப்பிடுவே, அதனாலதான் எழுதறேன்.

இருபத்தெட்டு வருஷமா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவன் நான், எல்லாரும் மூஞ்சியைப் பார்த்தா அப்பா எலும்பைப் பார்ப்பார்னு நீயே கிண்டல் பண்ணுவே. நீ சொன்ன மறுநாளே உன் வயசுப் பொண்ணு ஒருத்தி வந்தா, தையல் கடையில வேலை பார்க்கறவ, இடது தோளை வலது கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு. என்னம்மா ஆச்சுன்னா, கராத்தே சார், இன்னிக்கு மூணாவது நாள்ங்கறா. படத்தைப் பார்த்தா தோள் மூட்டு விலகியிருக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவை விலகினதுதான், சொன்னா சேர்த்துக்க மாட்டாங்களோன்னு மறைச்சுட்டேன்னு அழுதா. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் மணிக்கட்டு ஞாபகம்தான். சைக்கிள்ல விழுந்தப்போ வச்ச தகடு இன்னும் உள்ளேதான் இருக்கு, நீ அதை மறந்தே போயிருப்பே. வகுப்புக்குப் போன உடனே முதல் வார்த்தையா அதைச் சொல்லிடு, வெட்கப்படாதே.

அந்தப் பொண்ணுகிட்டயே விலாசம் வாங்கிக்கிட்டு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வகுப்புக்கே போயிட்டேன். சண்டை போடத்தான் போனேன், உண்மையைச் சொல்லணுமே. அச்சாபீசுக்கு மேல ஒரு நீளமான அறை, தரையில பாய், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சொல்லித்தர்ற அம்மா பகல்ல பள்ளிக்கூடப் பஸ் ஓட்டறவங்களாம். தோள் விலகின பொண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தவன்னு சொன்னதும், செருப்பை வெளியில விட்டுட்டு வாங்கன்னு என்னை மூலையில உட்கார வச்சுட்டாங்க. வகுப்பு முடிஞ்சதும் நான் வாயைத் திறக்கறதுக்குள்ளயே, பழைய அடி எதுவும் இல்லைன்னு காகிதத்துல கையெழுத்து வாங்கினேன், வாயால கேட்காம விட்டுட்டேன், தப்பு என்னோடதுதான் சார்னு சொல்லிட்டாங்க. என் கோபம் எங்க போச்சுன்னே தெரியலை.

அப்புறம் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார், வாத்தியார் கத்தறாரா, தப்பா செய்யறவங்களை எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டறாரான்னு கவனி, அப்படின்னா வேற இடம் பாரு. வெள்ளை உடுப்பு உடனே வாங்காதே, ஒரு மாசம் தொளதொள பேண்ட் போதும். நகத்தை ஒட்ட வெட்டிக்க, மோதிரம், தோடு, செயின் எல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சுட்டுப் போ. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போகாதே, பட்டினியாவும் போகாதே. முதல் மாசம் நிற்கறதும் மூச்சு விடறதும் திரும்பறதும்தான், இதுக்கா வந்தோம்னு அலுத்துக்காதே. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லி நிறுத்து, பக்கத்துல இருக்கறவ காலை எவ்வளவு உயரம் தூக்கறான்னு பார்த்து நீயும் தூக்காதே. கலர் பெல்ட் அவசரமும் வேண்டாம்.

கடைசியா, மூணு மாசத்துல என் பொண்ணு ஒரு ஆம்பளையை அடிச்சுத் தள்ளிட்டு வந்துடுவாளான்னு கேட்டேன். மூணு மாசத்துல தைரியமா நிற்கவும், கத்தவும், விலகி ஓடவும் வரும் சார், அவ்வளவுதான், யாராவது அவளுக்குத் தொந்தரவு கொடுக்கறாங்களான்னு கேட்டாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

பஸ்ல திரும்பி வர்றப்போதான் எனக்கு உறைச்சுது. மூணு மாசமா நீ வேலை முடிஞ்சு வீட்டுக்கு நடந்து போற நேரமாப் பார்த்துத்தான் போன் பண்றே. பேச்சு நடுவுல நின்னு நின்னு போகுது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டதும், சரிப்பா வைக்கறேன்னு வச்சுடறே. பயத்துல பண்றதைப் பாசம்னு நினைச்சு நானும் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன், மக்கு.

யாரும்மா அவன்? காலேஜ் நாள்ல பஸ் ஸ்டாப்ல ஒருத்தன் தொந்தரவு பண்றான்னு நீ வந்து சொன்னப்போ, நான் அவனைப் போய்க் கேட்கலை, உன்னை அரை மணி முன்னாடி வர்ற பஸ்ல போகச் சொன்னேன். உனக்கு அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லைன்னு தோணியிருக்கும். அது என் தப்பு. ஏன் சொல்லலைன்னு இப்போ ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கராத்தே தாராளமா கத்துக்க, ஆனா அது வர்ற வரைக்கும் காத்திருக்காதே, வேலையிடத்துல பெரியவங்ககிட்ட நாளைக்கே சொல்லு, போலீஸ்ல எழுதிக் கொடு, கூட வேலை பார்க்கற யாரையாவது துணைக்குக் கூட்டிக்கிட்டு நட.

எனக்குப் பத்து நாள் லீவு கிடைச்சாச்சு. பதினாலாம் தேதி காலையில உன் வீட்டு வாசல்ல இருப்பேன். அம்மாகிட்ட, பொண்ணைப் பார்க்கணும் போல இருக்குன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். நான் நினைக்கறது எல்லாம் தப்பா இருந்தா அப்பாவைப் பார்த்து நல்லா சிரி, சிரிச்சுட்டு ஒரு வேளை சாப்பாடு போடு, திரும்பிடறேன். தப்பா இல்லைன்னா, நீ வேலை முடிஞ்சு வெளியில வர்றப்போ வாசல்ல நிற்பேன், சேர்ந்து நடப்போம்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். இதைப் படிச்சதும் எந்த நேரமானாலும் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா